தண்ணீர் குடித்த படகை வாங்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரக் கிராமம் எங்களுடையது. மச்சான் முறையுள்ள ஒருவர் தன்னுடைய 28 அடி ஃபைபர் படகை, லாங் டெயில் இன்ஜினோடு சேர்த்து 70,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். போன வாடையில் முகத்துவாரத்தில் கவிழ்ந்து இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்த படகு. டிராக்டர் வைத்து இழுத்து மணலில் ஏற்றியதோடு சரி, எட்டு மாதமாக அங்கேயே கிடக்கிறது. உள்ளே மழைத் தண்ணீர் நிற்கிறது. "ஃபைபர் மக்கவா போகுது? கழுவி பெயிண்ட் அடிச்சா புதுப் படகு" என்கிறார். யார்டில் விசாரித்தால், இன்ஜின் இல்லாத வெறும் படகுக்கே 2 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். துணிந்து வாங்கலாமா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: உங்கள் மச்சான் சொன்னதில் பாதி உண்மை. ஃபைபர் மக்காது. ஆனால் ஃபைபர் படகு முழுக்க ஃபைபர் இல்லை. இன்ஜின் உட்காரும் பின்பலகையை வெட்டிப் பார்த்தால் உள்ளே மரம் இருக்கும், இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். அடித்தளத்துக் குறுக்குக் கட்டைகளும் பல படகுகளில் அப்படித்தான். மிதப்புக்காக மூடி வைத்த அறைகளில் தெர்மாகோல். தண்ணீர் குடிப்பது இவைதான். வெளியே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் உள்ளே குடித்தது உள்ளேயே இருக்கும்.

நீங்கள் கவிழ்ந்த கதையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்த இரண்டு நாள் கடல் தண்ணீர் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எட்டு மாத மழைத் தண்ணீர்தான் உறுத்துகிறது. மரத்தை மக்க வைப்பது ஒரு பூஞ்சை. உப்பு அதற்கு ஆகாது, நல்ல தண்ணீர் என்றால் கொண்டாட்டம். தினமும் கடலுக்குப் போய்வரும் படகைவிட, கரையில் மழையைக் குடித்துக்கொண்டு சும்மா கிடக்கும் படகில் மரம் சீக்கிரம் போவது இதனால்தான். படகைக் கவிழ்த்து வைத்திருந்தாலோ, அடியில் இருக்கும் தண்ணீர் அடைப்பானைக் கழற்றி விட்டிருந்தாலோ இன்றைக்கு நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

பணம் பேசுவதற்கு முன்னால் படகைக் காய விடச் சொல்லுங்கள். தண்ணீரை இறைத்து, அணியத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்து, நாலைந்து நாள் நல்ல வெயில் பட வேண்டும். பிறகு சுத்தியலின் கைப்பிடியால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று திருப்பிச் சொல்லும். ஊறிய இடம் பொத்தென்று அமுங்கும். பழக்கமில்லாத காதுக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

ஆனால் தட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். பல வருடத்துக்கு முன் நானே ஏமாந்தேன். குனியச் சோம்பல்பட்டு மேல்பாதியை மட்டும் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது, வாங்கிவிட்டேன். மூன்றாவது நாள் தொழிலிலேயே, இன்ஜின் அதிர அதிரப் பின்பலகையின் அடியில் விரிசல் விட்டது. கரைக்கு வந்து போல்ட்டைத் திருகினால், காப்பி வடிகட்டியபின் மிஞ்சும் சக்கை மாதிரி ஈரமான கறுப்புத் தூள் போல்ட்டோடு சேர்ந்து வந்தது. அது மரமாக இருந்தது ஒரு காலத்தில்.

ஆகையால் துளை போட வேண்டும். பின்பலகையின் உள்பக்கம், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், 6 மி.மீ. ட்ரில்லால் இரண்டு மூன்று இடத்தில் போடுங்கள். வெளி ஃபைபரைத் தாண்டி விடாதீர்கள். வரும் தூளைக் கையில் ஏந்திப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் காய்ந்த தூள் என்றால் நிம்மதி. கறுத்து, ஈரமாக, காளான் வாசனையோடு வந்தால் மரம் போய்விட்டது. குறுக்குக் கட்டைகளிலும் அதே போல ஆளுக்கொரு துளை. சொந்தக்காரர் படகில் துளை போடக் கூச்சமாக இருக்கும், தெரியும். துளையை அடைக்க ஒரு கரண்டி ரெசின் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால் உங்கள் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

தெர்மாகோல் ஊறியிருக்கிறதா என்பதைத் தோள்தான் சொல்லும். பக்கத்தில் அதே அளவுப் படகை எத்தனை பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள் என்று பாருங்கள். இதற்கு மட்டும் கூட நாலு பேர் தேவைப்பட்டால், அந்த நாலு பேரின் பாரம் உள்ளே தண்ணீராக இருக்கிறது. அறையைத் திறந்து எடுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கவிழ்ந்ததைவிட, டிராக்டரில் இழுத்தது படகை அதிகம் காயப்படுத்தியிருக்கலாம். கயிறு கட்டிய இடத்தையும், அடிப்பக்கத்தின் நடுவரையையும் படுத்துக்கொண்டு பாருங்கள். நகக்கீறல் போல மேல்பூச்சில் மட்டும் ஓடும் வெடிப்பு பரவாயில்லை. கையால் அழுத்தினால் வாயைத் திறக்கும் நீள விரிசல் வேறு கதை. அடியில் கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று, காடி வாசனையோடு நீர் வந்தால், தண்ணீர் ஃபைபர் அடுக்குக்குள்ளேயே இறங்கி ரெசினைக் கரைக்கத் தொடங்கிவிட்டது. ஒன்றிரண்டு கொப்புளம் என்றால் தேய்த்து அடைக்கலாம். உடம்பெல்லாம் என்றால் விட்டுவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகு குவிந்தபோது அவசரத்தில் செய்தவையும் கலந்து வந்தன. எந்த யார்டு, எந்த வருடம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்ஜினை விலையில் சேர்க்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு கவிழ்ந்திருந்தால், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். எட்டு மாதம் திறக்காமல் கிடந்த உப்பு மிச்சத்தையும் செய்திருக்கும். பழைய இரும்பு விலை, அவ்வளவுதான்.

அடுத்து காகிதம். இதை யாரும் கேட்பதில்லை. பதிவு யார் பெயரில், வங்கியிலோ சங்கத்திலோ கடன் நிற்கிறதா, புயல் நிவாரணத்தில் இந்தப் படகைப் பகுதிச் சேதம் என்று எழுதினார்களா, முழுச் சேதம் என்று எழுதினார்களா? மீன்வளத் துறை அலுவலகத்தில் இதையெல்லாம் விசாரித்து, பெயர் மாற்றத்துக்கு வழி உண்டு என்று தெரிந்த பிறகே முன்பணம். பதிவு இல்லாத படகுக்கு மானிய எரிபொருளும் கிடையாது, நாளைக்குச் சேதமானால் நிவாரணமும் கிடையாது.

வேலை செய்வதென்று முடிவானால் இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன். பின்பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்தான். கடைக்காரர் 303 முத்திரையைக் காட்டி "இதுவும் தண்ணி தாங்கும்" என்பார், அது வீட்டு அலமாரிக்கு. ஈரம் கொஞ்சம் இருந்தாலும் ரெசின் பிடிக்காது. விரிசலை வெட்டும்போது, ஃபைபரின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து மேட் ஒட்டினால்தான் ஒட்டு நிற்கும். சும்மா மேலே ஒட்டியது முதல் அலையில் உரிந்துவிடும். ரெசினை நேராகத் தெர்மாகோல் மேல் ஊற்றாதீர்கள், கரைந்துபோகும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர்.

என் முடிவு இது. பின்பலகை மட்டும் போயிருந்து, காகிதம் சுத்தமாக இருந்தால் வாங்குங்கள். ஆனால் கேட்ட விலையில் பாதிக்கு மேல் போகாதீர்கள். பின்பலகையோடு குறுக்குக் கட்டைகளும் போயிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அதற்குள் நீங்கள் போடும் பணத்துக்கும் நாளுக்கும் புதுப் படகை நோக்கிப் பாதி தூரம் போய்விடலாம். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என்று விதி. இப்போது படகுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று அதே அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மச்சானிடம் போங்கள்.

கேள்வி: அவுட்போர்டு இன்ஜின் கடலில் விழுந்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டோம். மெக்கானிக் வர மூன்று நாள் ஆனது. அதுவரை வெயிலில் நன்றாகக் காய வைத்திருந்தோம். இப்போது பிடித்துக்கொண்டு சுற்றவே இல்லை. என்ன தப்பு செய்தோம்?
- ராமநாதபுரம் மாவட்ட வாசகர்

பதில்: காய வைத்ததுதான் தப்பு. உப்புத் தண்ணீரில் மூழ்கிய இன்ஜினைத் தண்ணீர் கெடுப்பதைவிட, அதன்பின் படும் காற்று வேகமாகக் கெடுக்கும். எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, உள்ளே எண்ணெய் விட்டிருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் மெக்கானிக் வரும்வரை ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீரில் இன்ஜினை முழுக்க மூழ்க வைத்திருக்கலாம். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. இப்போது கயிற்றைப் பிடித்துப் பலமாக இழுக்காதீர்கள். பிளக் துளை வழியாக டீசலோ துருநீக்கி எண்ணெயோ விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.