போட் கீக்கு நடந்து போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜூன் விடுமுறையில் தேக்காவிலிருந்து போட் கீ வரை நடந்துபோய், பழைய துறைமுகத்தைப் புதுப்பித்த விதம் பற்றிக் கல்லூரிக்குக் கட்டுரை எழுதப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பெரியப்பாவுக்கு மிகுந்த சந்தோஷம். சிங்கப்பூருக்குத் தனியாகக் கோடை கிடையாது என்று வெயிலை லேசாக எண்ணாதே. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சமும் அதே அளவுதான். காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பு. சிலிகி சாலை, பிராஸ் பாசா, நார்த் பிரிட்ஜ் ரோடு வழியாகப் போனால் வெயில் ஏறுமுன் எல்ஜின் பாலத்தை எட்டிவிடலாம்.

பாலத்தில் நின்றதும் இடப்பக்கம் போட் கீயின் கடைவீடுகள் வண்ணம் வண்ணமாகத் தெரியும். கீழே உணவகக் குடைகள், பின்னால் வங்கிக் கோபுரங்கள். படம் எடுக்கத் தோன்றும், எடுத்துக்கொள். பிறகு ஆற்றைப் பார். இப்போது அதில் போவது சுற்றுலாப் படகு. 1983 வரை அங்கே தொங்கான்கள் என்ற சரக்குப் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கு அவற்றில்தான் வரும். கூலியாட்கள் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒடுக்கமான பலகைமேல் நடந்து கிடங்கில் இறக்குவார்கள்.

ஆறு அப்போது நாறியது. அதை மறைத்து எழுதாதே. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுக்குள் ஆறுகளைச் சுத்தம் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் வடிநிலத்திலும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு மாற்றப்பட்டன. சுமார் 5,000 தெருவோரக் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன. சுமார் 800 தொங்கான்கள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987இல் பணி நிறைவேறியது. செய்யவேண்டிய வேலைதான், செய்தார்கள். ஆனால் நீர் தெளிந்ததற்குப் பத்து வரி எழுதினால், கரையை விட்டுப் போன படகுக்காரர்களுக்கும் பத்து வரி ஒதுக்கு.

படகுகள் போனதற்கான இன்னொரு காரணத்தையும் விட்டுவிடாதே. 1972 ஜூனில் 'நிஹோன்' என்ற கப்பல் ராட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களுடன் தஞ்சோங் பகாரில் வந்து நின்றது. பாரந்தூக்கி பெட்டியைத் தூக்கி நேரே லாரியில் வைத்துவிடும். இடையில் தொங்கானுக்கோ தோளுக்கோ வேலை இல்லை. ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கும் முன்பே துறைமுகத் தொழில் அங்கிருந்து நழுவத் தொடங்கிவிட்டது.

இந்த ஆற்றில் ஆரம்பக் காலத்தில் படகு செலுத்தியவர்களில் பெரும்பங்கினர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதிர முதிரத்தான் அந்தத் தொழில் சீனர் கைக்கு மாறியது. அந்தத் தமிழ்ப் படகுக்காரர்களுடைய வாழ்க்கையைத் தேட போட் கீயில் நின்றுவிடாமல் சூலியா ஸ்திரீட்டைக் கடந்து தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்குப் போ. 1827இல் ஓலைக்குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று பெயர் பெற்ற அல்-அப்ரார் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா. அன்று அந்தத் தெருதான் கடற்கரை. கடல் கடந்து வந்தவர்கள் கரையேறியதும் நன்றி சொல்லக் கட்டிய இடங்கள் அவை. பிறகு கடலைத் தூர்த்தார்கள். இன்று அங்கிருந்து கடல் தெரியாது.

போகும் வழியில் மார்க்கெட் ஸ்திரீட்டில் கொஞ்ச நேரம் நில். நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. ஒரே கூடத்தில் பல செட்டியார்கள் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாமே அந்தக் கட்டடத்துக்குள்தான். போட் கீக்கு 1989இல் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. கிட்டங்கிகளோ அதற்கு முன்பே இடிபட்டுவிட்டன. இப்போது அந்தத் தெருவில் 280 மீட்டர் உயர கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு வெளியே, ஆற்றோரம், செட்டியார் ஒருவரையும் நிதித் தொழிலில் இருப்போரையும் காட்டும் வெண்கலச் சிலைத் தொகுதியை வைத்திருக்கிறார்கள். அழகான வேலைப்பாடு. ஆனாலும் ஒரே ஒரு கிட்டங்கியாவது பிழைத்திருந்தால், எத்தனை பெட்டிகள், எவ்வளவு இடைவெளி என்று உன்போன்ற கட்டடக்கலை மாணவி அளந்து பார்த்திருக்கலாம். எது தப்பியது, எது போயிற்று, அந்த முடிவு எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு இடத்திலும் குறித்துக்கொள். உன் கட்டுரைக்கு அதுதான் முதுகெலும்பு.

கால் வலிக்காவிட்டால் தஞ்சோங் பகார் வரை போ. 1864இல் அங்கே கப்பல்துறைக் கம்பெனி தொடங்கியது முதல் தமிழர்கள் அங்கே உழைத்திருக்கிறார்கள். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில்தான் குடியிருந்தன. பெண்கள் மசாலா அரைத்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் இப்போது பீட்டி ரோட்டில், நீ கிளம்பும் இடத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

தஞ்சோங் பகார் துறைமுகமும் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நகர முனையங்கள் ஒவ்வொன்றாக அங்கே போகின்றன. 2040களில் வேலை முழுமை பெறும் என்பது திட்டம். தஞ்சோங் பகார் நிலத்தில் புது நகர்ப்பகுதி எழும்போது வரைபடம் போடும் மேசையில் நீயும் உட்கார்ந்திருக்கக்கூடும். போட் கீயில் நடந்ததை இப்போதே கவனமாகப் பார்த்து வைத்துக்கொள் என்று சொல்வது அதனால்தான்.

கப்பல்துறையில் வேலை பார்த்த தாத்தாக்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும் முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழ்ப் பேட்டிகளைக் கேள். 1979 முதல் சேர்த்து வருகிறார்கள். ஏற்கெனவே பதிவானதைத் திரும்பக் கேட்டு அவர்களைக் களைப்படையச் செய்யாதே. எந்தச் சரக்குக்கு எவ்வளவு கூலி, எத்தனை மணிக்கு முறை மாறும், மழை நாளில் சம்பளம் உண்டா என்று கேள். பேட்டி எடுக்கும் நாளில் வெற்றிலை, பழம் வாங்கிப் போ. ஒலிப்பதிவு செய்ய முதலில் அனுமதி கேட்டுக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா