சிறையில் படித்தவர் வெளியே வரும்போது

வகுப்பில் புதிதாகச் சேர வருபவரிடம் என்ன குற்றம் என்று நான் கேட்பதில்லை. "கேஸ் எந்த நிலையில இருக்கு? அடுத்த வாய்தா எப்போ?" என்றுதான் கேட்பேன். வார இறுதிகளில் மத்தியச் சிறை ஒன்றில் திறந்தநிலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். எந்தப் படிப்பில் சேரலாம் என்பதை அவர் வெளியே போகும் நாள்தான் முடிவு செய்யும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. அவர்களை ஆர்வத்தில் மூன்றாண்டு பி.ஏ.வில் சேர்த்துவிட்டால், முதல் தேர்வுக்கு முன்பே ஜாமீன் வரும், படிப்பு நின்றுபோகும். அவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு போதும். நீண்ட தண்டனை பெற்றவர்கள் தாராளமாகப் பட்டத்தில் சேரலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் சிறைவாசிகளுக்குக் கட்டணமும் கிடையாது. பாதியில் ஜாமீன் கிடைத்தால் படிப்பு மையத்தை ஊருக்கு மாற்றும் விண்ணப்பத்தை உள்ளே இருக்கும்போதே நிரப்பி வாங்கி வைத்துவிடுகிறேன்.

படிக்கச் சூழல் இல்லை என்று பலர் சொல்வார்கள். மாலையில் லாக்கப் ஆனபின் இரவு முழுக்க விளக்கு எரியும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. கிடைக்காதது அமைதி. ஒரு மாணவர் சாக்குப் பையை நான்காக மடித்து முழங்காலில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து அசைன்மென்ட் எழுதுவார். அவர் கொடுக்கும் தாளின் பின்பக்கம் முழுக்கச் சணல் வரி பதிந்திருக்கும். எழுத்து மட்டும் கோணாது. நூற்றுக்கு முப்பது மதிப்பெண் அசைன்மென்ட்டில்தான் என்பதால் தேர்வைவிட முதலில் அதைத்தான் முடிக்கச் சொல்வேன். தேர்வு நாளில் கோர்ட்டுக்கு அழைத்துப்போய்விட்டால்கூட எழுதிக் கொடுத்தது கணக்கில் நிற்கும்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது பெயரை. சிறைப் பதிவேட்டுப் பெயர் வழக்கு ஆவணத்திலிருந்து வருகிறது. அதில் 'என்கிற' இருக்கும், இனிஷியல் இருக்காது, அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்தப் பெயரிலேயே கல்லூரி விண்ணப்பமும் போய்விடுகிறது. பி.காம். முடித்து விடுதலையான ஒருவர் கணக்கர் வேலைக்குத் தேர்வாகி, ஆதாரில் ஒரு பெயரும் மதிப்பெண் பட்டியலில் வேறு பெயரும் இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். சிறைக்குப் போனவர் என்பதை அந்த நிறுவனம் பொருட்படுத்தவே இல்லை. எழுத்துப் பிழை அவருடைய வேலையைத் தின்றுவிட்டது. ஆகவே மனுவுக்கு, அதாவது உங்களைச் சந்திக்க, வரும் அம்மாவிடமோ மனைவியிடமோ பள்ளி டி.சி. நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் உள்ளபடியே விண்ணப்பியுங்கள். முகவரி கேட்கும் இடத்தில் வீட்டு முகவரி இருக்கட்டும்.

வீட்டார் என்றதும் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த பேரறிவாளன் நினைவுக்கு வருகிறார். சிறையிலிருந்தே ப்ளஸ் டூ எழுதி 1200-க்கு 1096 வாங்கியவர், எம்.சி.ஏ.வும் முடித்தவர். என் மாணவர்கள் அடிக்கடி அவரைச் சுட்டுவார்கள். அவருக்கு வெளியே அம்மா அற்புதம்மாள் இருந்தார் என்பதை நான் நினைவூட்டுவேன். மனுவுக்கு யாரும் வராத மாணவர்தான் முதலில் படிப்பை விடுகிறார். அப்படிப்பட்டவருக்கு வெளியில் ஓர் ஆளை, ஓய்வுபெற்ற ஆசிரியரோ தொண்டு நிறுவனத்தில் இருப்பவரோ, முன்கூட்டியே தேடி வைப்பதும் கல்விப் பணிதான்.

அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறையில் கல்வி பெற்றவர்கள் மறுபடி சிறைக்கு வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாக இருந்தது. வேலை கிடைக்கும் வாய்ப்போ 13 சதவீதம்தான் கூடியிருந்தது. நான் இங்கே பார்ப்பதும் அதேதான். ஆள் மாறிவிடுகிறார், வேலை அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

வேலைக்குப் போகும்போது வழக்கை மறைக்காதீர்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விண்ணப்பத்தில் கேட்டும் மறைத்தால் அதற்காகவே வேலையிலிருந்து நீக்கலாம் என்றது. உண்மையைச் சொன்னவரை எடுத்தே தீரவேண்டும் என்றும் அது சொல்லவில்லை. அதனால் அரசு வேலையையே நம்பியிருக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன நிறுவனங்களில் முதலாளியை நேரில் பார்த்துப் பேச முடியும். அந்தப் பேச்சை வகுப்பிலேயே வாய்விட்டுப் பழக்குகிறோம். "ஏழு வருஷம் ஜெயில்ல இருந்தேன் சார். அங்கே பி.காம். முடிச்சேன். தையல் யூனிட்ல கணக்கு எழுதினேன்." இவ்வளவு போதும். குரல் நடுங்காமல் இதைச் சொல்லவே சிலருக்குப் பல வாரங்கள் ஆகின்றன. தையல் கூடமோ, சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்கோ, எங்கே வேலை பார்த்தாலும் அதற்கு எழுத்தில் ஒரு சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த முதல் வாரத்தில் ஆதார் மையத்துக்குப் போய் புது செல்போன் எண்ணைச் சேர்க்க வேண்டும். பழைய எண் எப்போதோ செத்திருக்கும். ஓடிபி வராவிட்டால் வங்கிக் கணக்கு முதல் எல்லாமே நின்றுவிடும்.

கடையோ பட்டறையோ நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டாக் எழுதவோ கணக்குப் பார்க்கவோ ஆள் தேவையென்றால் பக்கத்து மத்தியச் சிறையின் நல அலுவலருக்கோ மாவட்ட நன்னடத்தை அலுவலருக்கோ ஒரு கடிதம் போடுங்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள். சம்பளத்தை மட்டும் முதல் மாதத்திலிருந்தே மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போலவே கொடுங்கள்.