அனலருகே ஓர் இணைப்பு

நுழையும்முன்

ஊர்தியின் புகைப்போக்கியைக் காணாதவர் இலர். அதனுள் மின்சாரத்தால் சூடேற்றப்படும் உறுப்புகள் உள்ளன என்பதை அறிந்தவர் சிலரே. அவற்றுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பி, வேண்டும்போது கழற்றவும் மீண்டும் மாட்டவும் ஏற்றதாக இருத்தல் வேண்டும். அனல், நீர், அதிர்வு ஆகியவற்றுக்கு நடுவே அத்தகைய இணைப்பு எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

குளிர்ந்த எஞ்சினின் புகை

பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் மூவகை நச்சுகள் கலந்துள்ளன. இவற்றைத் தீங்கற்ற வளிமங்களாக மாற்றுவது வினையூக்கி மாற்றி. தேன்கூடு போன்ற அதன் கண்ணறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. ஆயினும் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே அது தன் பணியைச் செவ்வனே தொடங்கும். அதுவரை வரும் புகை பெரும்பாலும் தூய்மையுறாமலே தெருவில் கலக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்களில் வெளியேறும் நச்சு, அதன்பின் நெடுந்தொலைவு ஓடும்போது வெளியேறுவதை விஞ்சுவதும் உண்டு.

எஞ்சின் தானே சூடாகட்டும் என்று காத்திருப்பதைவிட, மின்சாரத்தால் சூடேற்றிவிடுதல் நன்று. இவ்வெண்ணத்தால் பிறந்த உறுப்புகளுள் முதன்மையானவை இரண்டு: சூடேற்றி பொருத்திய ஆக்சிஜன் உணரி ஒன்று; மின்சாரத்தால் சூடாகும் வினையூக்கி மாற்றி மற்றொன்று.

மூச்சு விடும் கம்பி

புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளந்து, எரிபொருள் கூடியதா குறைந்ததா என்று கணினிக்கு அறிவிப்பது ஆக்சிஜன் உணரி. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இவ்வுணரி, 1976இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட வால்வோ மகிழுந்துகளில் இடம்பெற்றது. உள்ளிருக்கும் சிர்கோனியா பீங்கான் 300 பாகைக்கு மேல் சூடானால்தான் அளவீடு கிடைக்கும். தொடக்கக் கால உணரிகள் புகையின் வெப்பத்தையே நம்பியிருந்தன. 1982இல் சூடேற்றியுடன் கூடிய உணரி வந்தது. அத்துடன் கம்பிகளும் பெருகின. பரவலாகக் காணப்படும் நான்கு கம்பி உணரியில் வெள்ளைக் கம்பிகள் இரண்டும் சூடேற்றிக்கு உரியவை. கருப்பு, அளவீட்டைக் கொண்டு செல்வது. சாம்பல் நிறக் கம்பி அதன் இணை.

இக்கம்பிகள் ஏன் கழற்றக்கூடியனவாக இருத்தல் வேண்டும்? உணரி, புகைக்குழாயில் மரையாணிபோல் திருகிப் பொருத்தப்படுவது. கம்பியைக் கழற்றாமல் அதைத் திருகினால் கம்பியும் சேர்ந்து முறுக்குண்டு அறுந்துபோகும். எனவே குழாயின் வெப்பம் எட்டாத தொலைவுக்குக் கம்பியை நீட்டி, அங்கே ஓர் இணைப்பியை வைத்தனர். பணிமனைகளில் 'கப்ளர்' என்று வழங்கப்படுவது இதுவே.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. சிர்கோனியா உணரி, குழாய்க்குள் இருக்கும் புகையை வெளிக்காற்றோடு ஒப்பிட்டே மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. எரிபொருள் மிகுந்திருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட்; குறைந்திருந்தால் 0.1 வோல்ட். ஒப்பீட்டுக்கான அவ்வெளிக்காற்று எவ்வழியே உள்ளே செல்கிறது? சாலை நீர் புகாதிருக்க உணரியின் மேற்பகுதி இறுக மூடப்பட்டிருக்கும். அதனால் பல உணரிகளில், கம்பியின் உறைக்குள் பின்னிக் கிடக்கும் மெல்லிழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய வெளியே காற்றின் வழியாகிறது. மின்சாரம் செல்லும் கம்பியே உணரியின் மூச்சுக்குழாயாகவும் விளங்குகிறது!

அறுந்த கம்பியை ஈயம் உருக்கிப் பற்றவைப்பது நம் பணிமனைகளின் பழக்கம். வேறிடங்களில் அது குற்றமன்று. இங்கே அது மூச்சை அடைப்பதாகும். உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஊடுருவிக் காற்றின் வழியை மூடிவிடும். இணைப்பியில் மசகு தடவினால் அதன் ஆவி உள்ளே சென்று ஒப்பீட்டுக் காற்றைக் கெடுக்கும். கம்பி முனைகளை உலோகக் கவ்வியால் நெரித்து இணைப்பதே முறை.

வெப்பமும் மின்சாரமும்

உணரியின் சூடேற்றிக்கு ஓர் ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் போதும். வினையூக்கி மாற்றியையே சூடாக்க முனைந்தால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. 1990களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் அல்பினா பி12 மகிழுந்தில் அத்தகைய மாற்றி பொருத்தப்பட்டது. தேன்கூடாகச் சுருட்டிய உலோகத் தகட்டின் ஊடாகவே மின்சாரம் பாய்ந்து அதைச் சூடாக்கும்.

2 கிலோவாட் ஆற்றலை 12 வோல்ட் மின்கலத்திலிருந்து பெற ஏறத்தாழ 167 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். இணைப்பின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கே என்று கொள்வோம். அவ்விடத்தில் மட்டும் 28 வாட் வெப்பமாக வீணாகும். சிறியதொரு பற்றவைப்புக் கோலின் சூட்டுக்கு அது நிகர். துருவேறித் தடை ஐந்து மடங்கானால் இழப்பும் 140 வாட்டை நெருங்கும். சூடு துருவை வளர்க்கும். துரு சூட்டை வளர்க்கும். மின்னழுத்தத்தை 48 வோல்ட்டாக உயர்த்தினால் மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகவும், இணைப்பின் இழப்பு பதினாறில் ஒரு பங்காகவும் குறையும். 48 வோல்ட் கலப்பின ஊர்திகள் வந்தபின் இம்மாற்றியின்மீது மீண்டும் நாட்டம் பிறந்ததற்கு இது தலையாய காரணம்.

எனினும் அழுத்தத்தை உயர்த்துவதால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மின்சாரத்தை எளிதிற் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் எளிதிற் கடத்தும் என்பதை வீடமன், பிரான்சு என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1853இல் கண்டறிந்தனர். தடித்த செம்புக் கம்பி மின்சாரத்தை இழப்பின்றி உள்ளே செலுத்தும். அதே வழியில் குழாயின் அனலை இணைப்பிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எஃகு ஊசி அனலைத் தடுக்கும், மின்சாரத்தையும் தடுக்கும். ஆகவே அனலைத் தாங்கும் எஃகு ஊசியைக் குட்டையாக வைத்து, வெளியே நிக்கல் பூசிய செம்பை இணைப்பது போன்ற நடுவழிகளையே பொறியாளர்கள் நாட வேண்டியுள்ளது.

நட்டு முடுக்கும் கை

மாற்றியின் உலோக உறை வண்டியின் உடலோடு தொடுப்புடையது. அதைத் துளைத்துச் செல்லும் மின்முனை ஊசி உறையைத் தொட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். எனவே இரண்டுக்கும் இடையே பீங்கான் போன்ற காப்புப்பொருள் நிரப்பப்படுகிறது. ஊசியின் வெளிமுனையில் கம்பியை வைத்து நட்டு முடுக்குவதே மிக எளிய இணைப்பு. ஆனால் பல்லாண்டு அனலில் வெந்து துருப்பிடித்த நட்டைக் கழற்ற முயலும்போது, நட்டோடு ஊசியும் சுழல முனைகிறது. பீங்கான் இழுவையையும் முறுக்கையும் தாங்காது, விரிசல் விடும். கம்பியை விடுவிக்கச் செய்த முயற்சியில் மாற்றியே பாழாகும்.

இதைத் தவிர்க்க ஊசியின் அடியில் பட்டை முகம் அமைத்து, ஒரு ஸ்பேனரால் ஊசியைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருகுமாறு செய்தனர். திருகலே வேண்டாம் என்று, நேராகச் செருகி நேராக உருவும் இணைப்பிகளையும் வடிவமைத்தனர். செருகும் இணைப்பியில் தொடுப்பை இறுக்குவது வில்லின் விசை. செம்பு அனலில் தளர்ந்துவிடும் இயல்பினது. ஆதலால் செம்பு மின்சாரத்தைச் சுமக்க, அதன் வெளியே எஃகு வில் இறுக்கத்தைச் சுமக்குமாறு பணியைப் பிரித்தளிப்பர்.

பழுது எங்கே?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறையில் உள்ளன. மகிழுந்துக் கணினி, உணரியின் சூடேற்றிச் சுற்றையும் ஓயாது கண்காணிக்கிறது. குறை கண்டால் எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது. விளக்கு எரிந்தவுடன் உணரியை மாற்றிவிடும் வழக்கம் பெருகியுள்ளது. பழுது பலவேளைகளில் உணரியில் இல்லை. எஞ்சினின் அதிர்வால் இணைப்பியின் ஊசிகள் இடைவிடாது நுண்ணளவில் உராய, வெள்ளீயப் பூச்சு தேய்ந்து ஆக்சைடாகிறது. ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த உணரியின் மின்னழுத்தம் அப்படலத்தைக் கடக்க வலுவற்றது. முதலில் இணைப்பியைக் கழற்றி, ஊசிகளில் பச்சை படர்ந்துள்ளதா, இரப்பர் அடைப்பு பிளந்துள்ளதா என்று நோக்குதல் வேண்டும். பின்னர், உணரி குளிர்ந்திருக்கும்போது இரு வெள்ளைக் கம்பிகளுக்கிடையே தடையை அளத்தல் வேண்டும். சில ஓம்கள் காட்டினால் சூடேற்றி அறுபடவில்லை. தேடவேண்டிய இடம் இணைப்பியும் அதற்கு அப்பாலுள்ள கம்பியுமே.