நாங்களே செய்த மைக்ரோகன்ட்ரோலர் பலகை



நம் அறிவியல் அறையில் ஒரே ஒரு ஆர்டுயினோ பலகைதான் இருந்தது. போன மாதம் பொம்மை மோட்டாரை அதன் 5-ஆம் பின்னில் நேராக மாட்டியது நான்தான். ஒரு பின் 40 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது. மோட்டார் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பின் போயே போச்சு. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னபோது டீச்சர் திட்டவில்லை. "உள்ளே என்ன இருக்குன்னு பார்த்து நீயே ஒண்ணு செஞ்சு கொடு" என்றார்.

ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், மாணவர்களுக்கு விலை குறைந்த பலகை வேண்டும் என்று செய்தது. அதன் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்யலாம். பார்த்தால் முக்கியமான சாமான் கொஞ்சம்தான்! 28 கால் உள்ள ஏடிமெகா328 சிப். அதன் 9, 10-ஆம் கால்களுக்கு நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இரு பக்கமும் 22 பைக்கோஃபாரட் மின்தேக்கி. 1-ஆம் கால் ரீசெட். அதை 10 கிலோஓம் மின்தடை வழியே 5 வோல்ட்டில் கட்டணும், இல்லாவிட்டால் சிப் நினைத்த நேரத்தில் மறுபடி முதலிலிருந்து ஓடும். 5 வோல்ட் தருவது 7805.

சிப்பை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் வைத்தேன். என்னைப் போல இன்னொருத்தி எரித்தாலும் சிப்பை மட்டும் மாற்றலாம் இல்லையா? செலவைக் குறைக்க யூஎஸ்பி பகுதியை விட்டுவிட்டேன்.

புது சிப் வெறுமையாக இருக்கும், நிரல் ஏற்ற இன்னொரு பலகை வேணும். அதற்கு உதவியது நான் கெடுத்த அதே பலகைதான்! அந்த வேலைக்கு 10 முதல் 13 வரை உள்ள பின்கள் போதும்.

இப்போ புதுப் பலகையில் சிவப்பு எல்.இ.டி. விட்டு விட்டு எரியுது. மோட்டாரை டிரான்சிஸ்டர் வழியாக மாட்டியிருக்கேன், வந்து பாருங்க.

- 9-ஆம் வகுப்பு மாணவி