யுரேகா: கூவியதும் அளந்ததும்

நம்பிக்கை: ஆக்கிமிடீஸ் குளியல் தொட்டியில் இறங்கினார், நீர் வழிந்தது, "யுரேகா!" என்று கூவியபடி உடுப்பில்லாமல் தெருவில் ஓடினார். பிறகு வழிந்த நீரை அளந்து, மன்னரின் பொன்முடியில் வெள்ளி கலந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தார்.

உண்மை: சொல் கிரேக்கம்தான். 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று பொருள். கதையைத்தான் அப்படியே நம்ப முடியாது. ஆக்கிமிடீஸ் இறந்தது கி.மு. 212இல். இதை எழுதிவைத்த ரோமக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் ஏறத்தாழ 200 ஆண்டு பிந்தியவர். மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆக்கிமிடீஸே எழுதிய நூலில் தொட்டியும் இல்லை, முடியும் இல்லை.

கணக்கும் இடிக்கிறது. ஒரு கிலோ முடியில் 300 கிராம் வெள்ளி கலந்தால், தூய பொன்னைவிட அது சுமார் 13 மில்லிலீற்றர் நீரையே கூடுதலாக வெளியேற்றும். 20 சென்ரிமீற்றர் அகலமான வட்டப் பாத்திரத்தில் நீர்மட்டம் அரை மில்லிமீற்றர்கூட வேறுபடாது. அக்காலத்தில் அதை எப்படிப் பிடிப்பது? 1586இல் இளைஞர் கலிலியோ இதே ஐயத்தை எழுப்பி, தராசுதான் வழி என்றார். முடியையும் அதே எடைப் பொன்னையும் தராசின் இரு பக்கமும் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்தினால், கலப்பு முடி 13 கிராம் இலேசாகி மேலெழும். மடுவத்தில் கொழுந்து நிறுத்துப் பழகிய நமக்கு இது உடனே விளங்கும்.

நம்பிக்கை: கண்டுபிடிப்பு ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடும்.

உண்மை: நம் பிள்ளைகள் இதை நம்பி, நொடியில் விடை வராவிட்டால் தமக்கு அறிவில்லை என்று ஒதுங்கிவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்துத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லவேண்டும். இலைகளை ஒட்டிச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்க, 1930களில் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவி கொண்டுவரப்பட்டது. மலையில் கொழுந்தெடுப்பவர்களைக் கொட்டி உயிரையே எடுக்கும் குளவி இனம் வேறு. இது புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவைத் தின்றுவிடும். புழு அடங்கியது. பின்னாளில் தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லியை அடித்தபோது அந்தக் குளவியும் செத்தது. அடங்கியிருந்த புழு மறுபடி பெருகியது. ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடி மறுபடியும் தேயிலை மலைக்குள் இறங்கினார்கள்.