வண்டி ஓடும்போது வரும் அழைப்பு

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசியின் அருமையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிள்ளை எந்த முகாமில், அப்பாவுக்கு மருந்து கிடைத்ததா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் காசு அனுப்பினாரா என்ற செய்தியெல்லாம் அதில்தான் வந்தது. மணி அடித்தால் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றமும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். இன்று வீதியில் அதே பதற்றம் எங்களுக்கு ஆபத்தாக இருக்கிறது.

இதை எழுதும் நானும் விலக்கு அல்ல. ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பகல் ஒன்றரை மணி, பள்ளிக்கூடம் விடும் நேரம். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை, யாரென்று பார்க்க மட்டும் குனிந்தேன். நிமிர்ந்தபோது வெள்ளைச் சீருடையில் ஒரு சிறுமி என் சில்லுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் பிடித்தது. அழைத்தது அம்மா. “சாப்பிட்டியா?” என்று கேட்கத்தான் எடுத்தாவாம்.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஓட்டோ ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடிவிடும். பெயரைப் பார்க்க மூன்று செக்கன் எடுத்தால், 33 மீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தது போலத்தான். பிறேக் பிடிப்பது அதற்குப் பிறகு. இந்தக் கணக்கு சரியான வீதிக்கு. எங்கள் வீதிகளிலோ கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும், நகருக்குள் மான்கள் குறுக்கே வரும், இரவில் விளக்கில்லாத லாண்ட் மாஸ்டர் முன்னால் போகும்.

கிண்ணியா, மூதூர், சம்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. முன்பு கிண்ணியாத் துறையில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். பேச வேண்டியதை அங்கே நின்று பேசலாம். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை. நல்ல விடயம்தான். ஆனால் நிற்காமல் ஓடுகிற வீதியில், நிற்கும் இடத்தை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பாலத்தின் மேலும் வளைவிலும் நிறுத்தாதீர்கள். அதைத் தாண்டி, இடப்பக்கம் தாரை விட்டு முழுவதும் இறங்கி நின்று பேசுங்கள்.

ஹெல்மட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறவர்கள், கை இரண்டும் ஹாண்டிலில்தானே இருக்கிறது என்பார்கள். எங்கள் உறவுகள் பலர் வாழும் ரொறன்ரோவில், விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் ஓர் ஆய்வு வெளியானது. பேசும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டார்கள். கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறையவில்லை. பேச்சில் போவது மனம். கை சும்மா இருந்து பயனில்லை. போனைக் கையில் பிடித்துப் பேசியபடி வாகனம் ஓட்டுவது இலங்கையில் சட்டப்படி குற்றமும்கூட. 

ஓட்டுகிறவரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாதிப் பொறுப்பு வீட்டிலிருந்து எடுக்கிறவர்களுக்கு. “எங்க நிக்கிறீங்க?” என்று கேட்க முதல், “வண்டி ஓடுறீங்களா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் உடனே வையுங்கள். புறப்படுகிறவர் ஒரு தரம் சொல்லிவிட்டுப் போகட்டும், சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கோல் தரட்டும். பின்னால் ஆள் இருந்தால் போன் அவரிடம் இருக்கட்டும்.

உண்மையான அவசரத்துக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில், அடுத்தடுத்து இரண்டு மிஸ்ட் கோல் வந்தால்தான் ஓரமாக நிறுத்திப் பார்ப்போம். அம்மாவுக்கு இதைப் பழக்க ஒரு மாதம் எடுத்தது. வீதியில் யாராவது விழுந்து கிடப்பதைக் கண்டால், வண்டியை நிறுத்திவிட்டு 1990 இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள். பொலிசுக்கு 119.