வீட்டுக் கணினியில் பகா எண் வேட்டை

கேள்வி: வீட்டுக் கணினியிலேயே உலகின் மிகப் பெரிய பகா எண்ணைத் தேடலாம் என்கிறான் என் மகன். நிஜமா, கதை விடுகிறானா?

பதில்: நிஜம்தான். 1996-ல் அமெரிக்கர் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ‘ஜிம்ப்ஸ்’ திட்டம் அது. ‘பிரைம்95’ என்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும். சோதிக்க ஓர் எண்ணை அதுவே வாங்கிக்கொள்ளும்.

இரண்டின் ஏதோ ஓர் அடுக்கில் ஒன்று குறைந்த ‘மெர்சென்’ எண்கள்தான் இலக்கு. காரணம், அவற்றுக்கென்றே ஒரு குறுக்குவழி இருக்கிறது. இரண்டின் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது 31. 4-ல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2 கழித்தால் 14. மறுபடி அப்படியே செய்தால் 194. 31-ஆல் வகுக்க மீதி 8. இன்னொரு முறை: 62, மீதி பூஜ்யம். தீர்ந்தது, 31 பகா எண். அடுக்கைவிட இரண்டு குறைவான சுற்று போதும்; இங்கே அடுக்கு 5 என்பதால் மூன்றே சுற்று.

2017 டிசம்பரில் டென்னசியின் ஜோனதன் பேஸுக்குச் சிக்கிய எண்ணின் அடுக்கு 7,72,32,917. சாதாரண ஐ5 கணினி ஆறு நாள் நிற்காமல் ஓடியது. அதற்குமுன் 14 ஆண்டுத் தேடல்! பரிசு 3,000 டாலர். கரண்ட் பில்லுக்குக் கட்டுமா என்பது வேறு கதை.

2024-ல் வந்த 4.1 கோடி இலக்க எண்ணை லூக் டுரன்ட் பிடித்தது 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் சிப்களால். வீட்டுக் கணினிக்கு வாய்ப்பு சொற்பமே. ஆசைக்கு ஓட்டட்டும்; முதலில் ஃபேனில் படிந்த தூசியைத் தட்டச் சொல்லுங்கள், சிப் கொதிக்கும்.